ஈஸ்டின் ஆயுளை அளப்பது எப்படி? வேலூர் வெயிலுக்கு ஏற்ற பதினைந்து நாள் சோதனை

ஒரு செல்லுக்குத் தீனி தாராளமாகக் கிடைத்தால் அது வளரும், பிரியும். தீனி குறைந்தால் கடையைப் பாதி சாத்திவிட்டு, கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். இந்த இரண்டில் எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் ஏற்பாடு, பன்னுக்குப் போடும் ஈஸ்டிலும் நம் உடம்புச் செல்லிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் செல் எப்படி மூப்படைகிறது என்று அறிய ஈஸ்ட் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வேலூர் லாங்கு பஜாரில் வாங்கும் உலர் ஈஸ்ட் பாக்கெட், ஒரு ஷேக்கர், ஓர் ஆட்டோகிளேவ், பொறுமையாக எண்ணத் தெரிந்த இரண்டு மாணவர்கள் இருந்தால், சர்க்கரை அளவை மாற்றி ஈஸ்டின் ஆயுளைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி வகுப்புகளுக்கு ஏற்ற சோதனை இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் வையுங்கள். இந்தச் சோதனையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை, மூப்பை அளப்பதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ அளப்பதால் வருபவை. குடுவையில் நீர் வற்றியிருக்கும், அமிலம் ஏறியிருக்கும், பாக்டீரியா புகுந்திருக்கும். வரைபடம் மட்டும் அழகாக வரும். கீழே உள்ள படிகளில் பாதி அதைத் தடுப்பதற்காகவே இருக்கின்றன.

குடுவைக்குள் என்ன நடக்கிறது

ஈஸ்ட் செல்லில் வளர்ச்சியை முடுக்கும் முக்கியமான புரதம் டார். 1964-ல் ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு ஆய்வுக் குழு எடுத்துவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து ராபமைசின் என்ற மருந்து கிடைத்தது. அந்த மருந்து செல்லில் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று தேடியபோது, 1991-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், ஈஸ்டில்தான் டார் மரபணுக்கள் அகப்பட்டன. அதே மருந்து இன்று சிரோலிமஸ் என்ற பெயரில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. இந்தியாவில் சிறுநீரக மாற்று வேரூன்றத் தொடங்கிய இடங்களில் ஒன்று வேலூர் சி.எம்.சி.; அங்கே அது நடந்தது 1971-ல். புதிய உறுப்பை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெருகாமல் அடக்குவதும், ஈஸ்ட் குடுவையில் வளர்ச்சியை நிறுத்துவதும் ஒரே பூட்டின் மேல் போடும் ஒரே சாவிதான்.

டார் முடுக்கத்தில் இருக்கும்போது செல், புரதம் செய்யும் பட்டறைகளான ரைபோசோம்களைக் கட்டிக்கொண்டே இருக்கும். வேகமாக வளரும் ஓர் ஈஸ்ட் செல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 ரைபோசோம்களைச் செய்கிறது. செல்லின் சக்தியில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். பழுதுபார்க்க மிச்சம் ஏதும் இருக்காது. சர்க்கரையை உணரும் இன்னொரு பாதை பி.கே.ஏ. நொதி வழியாகப் போகிறது. அதுவும் 'வளர், வளர்' என்றே விரட்டும். சர்க்கரை தீரத் தொடங்கினால் இரண்டும் அடங்கும், ரிம்15 என்ற புரதம் விடுபடும். அதன்பின் செல் டிரெஹலோஸ், கிளைகோஜன் என்ற இரண்டு சேமிப்புச் சர்க்கரைகளையும் சேர்த்துவைக்கும், ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதிகளைக் கூட்டும், பழுதான புரதங்களையும் உறுப்புகளையும் தானே தின்று செரிக்கும். இந்தத் தன்னையே தின்னும் வேலையை ஈஸ்டில் துலக்கியதற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை குறைந்ததும் விழித்துக்கொள்ளும் எஸ்.என்.எஃப்.1 என்ற நொதிக்கு நம் உடம்பில் உள்ள உடன்பிறப்பு ஏ.எம்.பி.கே. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் சுற்றுவழியாகத் தூண்டிவிடுவது அதைத்தான்.

ஈஸ்டின் ஆயுளை இரண்டு விதமாக அளக்கலாம். ஒரு தாய் செல் எத்தனை முறை மொட்டு விடுகிறது என்று எண்ணுவது ஒன்று. நுண்ணோக்கியின் கீழே ஊசிமுனையால் ஒவ்வொரு மொட்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக்கு அது சரிப்படாது. பிரிவதை நிறுத்திய செல்கள் எத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பது மற்றொன்று. நாம் செய்யப்போவது இரண்டாவது.

எப்போது தொடங்குவது

மார்கழி, தை மாதங்களில் தொடங்குங்கள். ஈஸ்டுக்கு ஏற்ற வெப்பநிலை 30 டிகிரி. சாதாரண இன்குபேட்டர் சூடேற்றும், குளிர்விக்காது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஆய்வகத்துக்குள் 36, 37 இருக்கும். அப்போது 30 என்று செட் செய்த ஷேக்கரும் 37-ல்தான் ஓடும், முகப்பில் என்ன எழுதியிருந்தாலும். அந்தச் சூட்டில் செல் வேறு ஒரு பாடுபடும், உங்கள் முடிவும் வேறாகிவிடும். சித்திரை, வைகாசியில் செய்தே தீர வேண்டுமென்றால் குளிரூட்டும் வசதியுள்ள ஷேக்கர் வேண்டும். எந்த மாதமானாலும் குடுவைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலில் வெப்பமானியைப் போட்டு வைத்து, அதன் அளவையே நம்புங்கள்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். பாலாற்றுப் படுகையில், அதுவும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம், போர் தண்ணீரில் உப்பு அதிகம். கேன் தண்ணீரும் காய்ச்சி வடித்த நீருக்கு ஈடாகாது. எல்லாக் கரைசலுக்கும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

ஈஸ்டைத் தயார் செய்தல்

பாக்கெட்டிலிருந்து நேரடியாகக் குடுவைக்குப் போட வேண்டாம். அதில் ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் கொஞ்சம் இருக்கும். அரை கிராமை 5 மி.லி. வெதுவெதுப்பான, 38 டிகிரி, தூய நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒய்.பி.டி. அகாரில் கோடிழுத்து, 30 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். (ஒய்.பி.டி. என்பது ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெப்டோன், டெக்ஸ்ட்ரோஸ் சேர்ந்தது.) தனியாக நிற்கும் ஒரு காலனியை (ஒரே செல்லிலிருந்து பெருகிய புள்ளியை) எடுத்து இன்னொரு தட்டில் மறுபடி கோடிழுங்கள். அதில் வரும் ஒரு காலனிதான் உங்கள் ஈஸ்ட். சோதனை முழுவதும் அதன் வாரிசுகளையே பயன்படுத்துங்கள்.

சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகத்திலிருந்து ஆய்வகத் திரிபை வரவழைக்கலாமே என்று கேட்பார்கள். வரவழைக்கலாம். ஆனால் பலரும் கேட்கும் பி.ஒய்.4741 திரிபுக்கு ஹிஸ்டிடின், லூசின், மெத்தியோனின், யுராசில் நான்கையும் வெளியே இருந்து ஊட்ட வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தால் செல் அதனாலேயே செத்துப்போகும், அதை மூப்பு என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். முதல்முறை செய்பவர்களுக்குப் பாக்கெட் ஈஸ்டே மேல்.

கரைசல்கள்

தட்டுகளுக்கான ஒய்.பி.டி. அகார், ஒரு லிட்டருக்கு: ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10 கிராம், பெப்டோன் 20 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம். தட்டுக்கு 20 மி.லி. என்றால் லிட்டருக்கு 50 தட்டு. ஆறு குடுவை, ஏழு நாள், நாளுக்கு இரண்டு தட்டு என்று போட்டால் 84 தட்டு. சிந்துவது போக இரண்டு லிட்டர் காய்ச்சுங்கள். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். ஆட்டோகிளேவ் பழுதென்றால் பெரிய பிரஷர் குக்கரும் போதும். வெயிட் ஆடத் தொடங்கிய பிறகே நேரத்தை எண்ணுங்கள். குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். அதற்கு முன்னால் ஊற்றினால் மூடியில் வியர்த்து, சொட்டு விழுந்து காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும்.

ஈஸ்ட் மூப்படையப்போகும் திரவத்துக்கு ஒய்.பி.டி. வேண்டாம். அதில் ஈஸ்ட் மாதக்கணக்கில்கூட இருக்கும், செமஸ்டர் முடிந்துவிடும். ஈஸ்ட் நைட்ரஜன் பேஸும் குளுக்கோஸும் சேர்ந்த எளிய எஸ்.டி. திரவம் போதும். அதற்கு மூன்று சேமிப்புக் கரைசல்கள்:

ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ், பத்து மடங்கு: 6.7 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். அமினோ அமிலம் இல்லாதது, அம்மோனியம் சல்பேட் உள்ளது என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

குளுக்கோஸ், 40 சதவீதம்: 40 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கி, தனியாக ஆட்டோகிளேவ் செய்யுங்கள். மற்றவற்றோடு சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பாகும்.

பஃபர் (அமில அளவான பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), ஐந்து மடங்கு: நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 4.55 கிராம், நீரற்ற சிட்ரிக் அமிலம் 1.72 கிராம், 100 மி.லி. நீரில். பி.எச். 6.0 வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். இதையும் தனியாகவே ஆட்டோகிளேவ் செய்யுங்கள். மற்ற உப்புகளோடு சேர்த்துச் சூடாக்கினால் பாஸ்பேட் அடியில் படிந்துவிடும்.

250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. மட்டுமே ஊற்ற வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் காற்று பற்றாது. மூன்று வகை, வகைக்கு இரண்டு குடுவை:

அ: 2 சதவீதச் சர்க்கரை. குளுக்கோஸ் 2.5 மி.லி., பேஸ் 5 மி.லி., நீர் 42.5 மி.லி.

ஆ: 0.5 சதவீதச் சர்க்கரை. குளுக்கோஸ் 0.63 மி.லி., பேஸ் 5 மி.லி., நீர் 44.4 மி.லி.

இ: 2 சதவீதச் சர்க்கரையும் பஃபரும். குளுக்கோஸ் 2.5 மி.லி., பேஸ் 5 மி.லி., பஃபர் 10 மி.லி., நீர் 32.5 மி.லி.

'இ' குடுவையை விட்டுவிட்டுச் செய்பவர்கள் உண்டு. விடாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

தொடங்கும் நாள்

முந்தைய நாள் ஒரு காலனியை 5 மி.லி. 'அ' திரவத்தில் போட்டு 30 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்றில் இரவு முழுக்க ஆட்டுங்கள். மறுநாள் 600 நானோமீட்டரில் ஓ.டி., அதாவது திரவத்தின் கலங்கல் அளவு, பாருங்கள். நேரடியாக வைத்துப் பார்த்தால் அளவு தப்பும். பத்து மடங்கு நீர்க்கவைத்துப் பார்த்துப் பத்தால் பெருக்குங்கள். உதாரணமாக, நீர்க்கவைத்தது 0.4 காட்டினால் உண்மையான ஓ.டி. 4. குடுவையில் 0.1-ல் தொடங்க வேண்டும். 50-ஐ 0.1-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 1.25 மி.லி. ஒவ்வொரு குடுவைக்கும் அவ்வளவு. பஞ்சடைப்பின் மேல் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, ஷேக்கரில் ஏற்றுங்கள்.

முதல் மூன்று நாள் தொடாதீர்கள். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனால் ஆக்கும். காற்று நிறைய இருந்தாலும் அப்படித்தான் செய்யும். சர்க்கரை தீர்ந்ததும் சற்று நின்று, இயந்திரத்தை மாற்றிக்கொண்டு, அந்த எத்தனாலை ஆக்சிஜனோடு எரிக்கத் தொடங்கும். 72 மணி நேரத்தில் வளர்ச்சி ஓய்ந்திருக்கும். அன்றைய எண்ணிக்கைதான் உங்கள் நூறு சதவீதம். அதற்குமுன் எண்ணி அதை நூறு என்று வைத்தால், ஐந்தாம் நாள் 130 சதவீதம் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும்.

எண்ணும் முறை

3, 5, 7, 9, 11, 13, 15-ஆம் நாட்களில் எண்ணுங்கள். மூன்றாம் நாள் 0.5 மி.லி. மாதிரி எடுத்தபின், குடுவையை மூடியோடு எடைபோட்டு அதன் மேலேயே எழுதிவையுங்கள். ஐந்தாம் நாள் மறுபடி எடை பாருங்கள். எத்தனை கிராம் குறைந்திருக்கிறதோ அத்தனை மி.லி. தூய நீரை ஊற்றி ஆட்டியபின்பே மாதிரி எடுங்கள். எடுத்ததும் புது எடையை எழுதுங்கள். நம் ஊர் வறண்ட காற்றில் இரண்டு வாரத்தில் குடுவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வற்றிவிடும். வற்றினால் செல்லும் செறியும், உப்பும் செறியும், அமிலமும் செறியும்.

மாதிரியிலிருந்து 100 மைக்ரோலிட்டரை 900 மைக்ரோலிட்டர் தூய நீரில் விட்டு, நன்றாகச் சுழற்றுங்கள். அதிலிருந்து 100-ஐ அடுத்த 900-ல். இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் புது டிப். கடைசிக் குழாயிலிருந்து 100 மைக்ரோலிட்டரை இரண்டு தட்டுகளில் பரப்பி, 30 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். 30-க்கும் 300-க்கும் இடையே காலனிகள் இருக்கும் தட்டை மட்டுமே கணக்கில் எடுங்கள். நாள் போகப் போகச் சாவு கூடும். அப்போது நான்காம் குழாய், மூன்றாம் குழாய் என்று பின்னால் வாருங்கள்.

கணக்கு இப்படி: மூன்றாம் நாள் ஐந்தாம் குழாயிலிருந்து 142 காலனி வந்ததாக வையுங்கள். 142-ஐ ஒரு லட்சத்தாலும், பத்தாலும் பெருக்கினால் மி.லி.க்கு 14.2 கோடி. ஒன்பதாம் நாள் நான்காம் குழாயிலிருந்து 71 காலனி. 71-ஐப் பத்தாயிரத்தாலும் பத்தாலும் பெருக்கினால் 71 லட்சம். அதாவது 5 சதவீதம் பிழைத்திருக்கிறது. 'ஆ' குடுவையில் சர்க்கரை குறைவு என்பதால் மூன்றாம் நாளே செல்கள் குறைவாக இருக்கும். எனவே குடுவைக்குக் குடுவை எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு குடுவையையும் அதன் மூன்றாம் நாளோடு ஒப்பிடுங்கள்.

அதே மாதிரியில் மெத்திலீன் புளூ சாயமும் பாருங்கள். 100 மி.லி. நீரில் சோடியம் சிட்ரேட் 2 கிராம், மெத்திலீன் புளூ 10 மில்லிகிராம். மாதிரியும் சாயமும் சமமாகக் கலந்து ஐந்து நிமிடம் கழித்து, நியூபாவர் அறையில் (செல்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில்) 400 மடங்கில் பாருங்கள். உயிருள்ள செல் சாயத்தைக் குறைத்து நிறமற்றதாக்கிவிடும். செத்தது அடர் நீலமாக நிற்கும். தாயில் பாதியைவிடச் சிறிய மொட்டைத் தனியாக எண்ணாதீர்கள். சாயக் கணக்கு எப்போதும் காலனிக் கணக்கைவிட அதிகமாகவே காட்டும். உயிர் இருந்தும் இனிப் பிரிய முடியாத செல் சாயத்தில் தப்பித்துவிடும், தட்டில் தப்பாது. சாவு கூடக்கூட இந்த இடைவெளி விரியும்; சந்தேகம் வந்தால் தட்டை நம்புங்கள்.

என்னென்ன தப்பும்

ஒன்பதாம் நாள் 3 சதவீதம், பதினொன்றாம் நாள் 9 சதவீதம் என்று ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். செத்த செல்கள் உடைந்து கொட்டும் சத்தைத் தின்று, மிஞ்சிய சில செல்கள் மறுபடி வளரத் தொடங்கியிருக்கும். அந்தக் குடுவையின் கணக்கை அத்தோடு நிறுத்துங்கள். பாக்டீரியா புகுந்திருந்தாலும் இதேபோல் ஏறும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்டைவிடப் பல மடங்கு சிறிய குச்சிகளோ புள்ளிகளோ தெரியும். அதை அடக்க வேண்டும் என்று மூப்படையும் குடுவைக்குள் ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிடாதீர்கள். குளோராம்ஃபெனிகால் ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவையும் தடுக்கும். எத்தனாலை எரித்துப் பிழைத்திருக்கும் செல்லுக்கு அது சாவுமணி.

தட்டில் சாதாரணக் காலனிகளுக்கு நடுவே மிகச் சிறியவை தெரிந்தால், அவை மைட்டோகாண்டிரியா கெட்ட செல்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம். டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் 3 சதவீதம் கிளிசரால் சேர்த்த தட்டில் அவற்றைத் தேய்த்துப் பாருங்கள், வளராது.

செல்கள் அடியில் திரிதிரியாகத் திரண்டால் காலனி எண்ணிக்கை பொய்யாகும். பத்து செல் சேர்ந்து ஒரு காலனியாக வரும். திரளைப் பிடித்துவைப்பது கால்சியம். மாதிரியை நீர்க்கவைக்கும்போது முதல் குழாயில் நீருக்குப் பதில் 10 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. வைத்தால் பிரிந்துவிடும்.

கரன்ட் போய் ஷேக்கர் நின்றால் செல்கள் அடியில் படியும், ஆக்சிஜன் கிடைக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் நேரத்தைக் குறித்துவையுங்கள். ஆறு குடுவையும் ஒரே ஷேக்கரில் இருந்தால் நட்டமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கும். இடமில்லை என்று இரண்டு ஷேக்கரில் பிரித்து வைப்பதுதான் தப்பு.

முடிவைப் படிக்கும் விதம்

மாதிரி எடுக்கும் ஒவ்வொரு நாளும் பி.எச். தாளையும் நனைத்துப் பாருங்கள். 'அ' குடுவையில் 4-க்குக் கீழே இறங்கும். புளிக்கும்போது ஈஸ்ட் அசெட்டிக் அமிலத்தையும், அதாவது வினிகரையும், வெளியே விடுகிறது. பி.எச். 4.76-க்குக் கீழே போனால் அந்த அமிலத்தில் பாதிக்கு மேல் மின்னூட்டமில்லாத வடிவில் இருக்கும். செல் சவ்வு அதைத் தடுக்காது. உள்ளே போனதும் உடைந்து, செல்லின் உட்புறத்தையே அமிலமாக்கும். 'ஆ' குடுவையில் சர்க்கரை குறைவு, அமிலமும் குறைவு. 'இ' குடுவையில் சர்க்கரை அதே 2 சதவீதம்தான், ஆனால் பஃபர் பி.எச்.-ஐ இறங்கவிடாது.

'அ' முதலில் விழும், 'ஆ' நின்று பிடிக்கும். அதைப் பார்த்ததும் 'குறைத்துத் தின்றால் ஆயுள் கூடும்' என்று எழுதத் தோன்றும். அங்கேதான் 'இ' குறுக்கே வரும். நிறையத் தின்ற 'இ'-யும் 'அ'-வைத் தாண்டி நிற்குமானால், 'அ' செத்ததில் ஒரு பங்கு வெளியே தேங்கிய அமிலத்தால் வந்தது, உள்ளே இருக்கும் டாரால் வந்ததல்ல. 'ஆ' 'இ'-யையும் தாண்டி நின்றால் அந்த மிச்சம்தான் செல்லின் உள்கட்டுப்பாட்டுக்கு உரியது. இதைப் பிரித்துக் காட்டாத அறிக்கைக்கு மதிப்பெண் போட வேண்டாம். வள்ளிமலைக்கு ஆடிக் கிருத்திகை விரதம் இருப்பவர்களுக்கும் இந்தக் குடுவை சாட்சி சொல்லாது. வினிகரில் மிதந்துகொண்டு யாரும் விரதம் இருப்பதில்லை.

பதினைந்தாம் நாளிலும் 'அ' பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் பயப்பட வேண்டாம். பாக்கெட் ஈஸ்ட் ஆய்வகத் திரிபைவிடக் கெட்டி. 21-ஆம் நாள் வரை நீட்டுங்கள். தட்டு மட்டும் கூடுதலாகக் காய்ச்சி, காயாதபடி உறையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஒரே நாளில் கண்ணால் காட்ட

வகுப்பில் பதினைந்து நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு இது. தனியாக ஒரு 'அ' குடுவை போடுங்கள். ஓ.டி. 0.5 வந்ததும் 10 மி.லி. எடுத்து மையவிலக்கியில் சுற்றி அடியில் செல்களைத் திரட்டுங்கள். அதே குடுவையில் 24 மணி நேரம் கழித்து, ஓ.டி. 10 இருந்தால் 0.5 மி.லி. மட்டும் எடுத்துத் திரட்டுங்கள். இரண்டிலும் செல்களின் அளவு ஏறக்குறைய சமமாகிவிடும். பொட்டாசியம் அயோடைடு 0.4 கிராம், அயோடின் 0.2 கிராம் 100 மி.லி. நீரில் கரைத்து, இரண்டு திரளின் மேலும் இரண்டு சொட்டு விடுங்கள். வளர்ந்துகொண்டிருந்த செல்கள் வெளிர் மஞ்சளாகவே இருக்கும். தீனி தீர்ந்த செல்கள் செங்காவி நிறத்துக்கு மாறும். அந்த நிறம் கிளைகோஜன். வெள்ளைத் தாளின் மேல் இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

முடிந்ததும் குடுவை, தட்டு எல்லாவற்றையும் மறுபடி ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தபிறகே கழுவுங்கள். வாஷ்பேசினில் அகாரை ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய் இறுகிக்கொண்டால் அடுத்த வாரம் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.